அந்த சங்கு பேட்ஜ் குளச்சல் போரில் அணிந்ததல்ல

நாகர்கோவில், தக்கலை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பித்தளை பேட்ஜின் படம் சுற்றுகிறது. நடுவில் சங்கு, கீழே ஆங்கிலத்தில் ‘டிராவன்கூர் நாயர் இன்ஃபன்ட்ரி’. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் வீரர்கள் அணிந்தது என்கிறார்கள். தவறு.

சங்கு திருவிதாங்கூர் சின்னம்தான், அதில் சந்தேகமில்லை. டச்சுக் கம்பெனிப் படை குளச்சலில் தோற்றதும் உண்மை. அங்கே சரணடைந்த டச்சுப் படை அதிகாரி டிலனாய் பின்னர் திருவிதாங்கூர் தளபதியாகி, 1777-இல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். ஆனால் அந்தக் காலத்தில் தொப்பியில் குத்தும் இப்படிப்பட்ட உலோக பேட்ஜே கிடையாது. பிரிட்டிஷ் படையிலேயே அது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவலானது. ‘நாயர் இன்ஃபன்ட்ரி’ என்ற பெயர் 20-ஆம் நூற்றாண்டின் திருவிதாங்கூர் சமஸ்தானப் படைக்கு உரியது. 1950-களில் அது இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டில் இணைந்தது.

இப்படி ஒரு பேட்ஜ் அசலா போலியா என்று பார்க்க, அதைத் திருப்பிப் பாருங்கள். தகட்டில் அச்சு அழுத்தியிருந்தால், முன்பக்கம் சங்கு புடைத்த இடம் பின்னால் குழிந்திருக்கும். வார்த்தது என்றால் பின்புறம் மணல்போலப் பொரிப்பொரியாகத் தெரியும். அதற்காக வார்த்ததெல்லாம் போலி என்று ஒதுக்கிவிடவும் கூடாது; இந்தியாவில் வார்த்துச் செய்த அசல்களும் உண்டு.

1956 வரை நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு, பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்ததால், இங்கே பழைய வீடுகளில் இவை கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கிடைத்தால், தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். அணிந்தவர் பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ‘குளச்சல் போர் பேட்ஜ்’ என்று யாராவது விலை சொன்னால், வாங்காதீர்கள்.