மாடல் ஒண்ணுன்னா டிரைவரும் ஒண்ணா?

"மாடல் நம்பர் ஒண்ணா இருந்தா ஃப்ரெண்டு லேப்டாப்போட வைஃபை டிரைவரயே போட்டுக்கலாம்"னு ஒரு அண்ணன் சொல்லிருக்காரு, அது தப்புங்ணா. டிரைவர்ங்கறது வைஃபை கார்ட ஓட வைக்கிற சாஃப்ட்வேர். ஒரே மாடல்லயே சிலதுல இன்டெல் கார்டு சிலதுல ரியல்டெக்னு மாத்தி மாத்தி வரும். தருமபுரில என் தங்கச்சிதும் என்னோடதும் ஒரே மாடல்தான், என் பென்டிரைவ்ல இருந்த என் டிரைவர அவளோடதுல போட்டு ராத்திரி பூரா ஒக்காந்தும் வைஃபை வரல, அப்புறம் டிவைஸ் மேனேஜர்ல (விண்டோஸ்ல லேப்டாப்போட பாகங்கள காட்டற இடம்) மஞ்சள் முக்கோணம் போட்டிருந்தத ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ்னு போய் பாத்தா 'வென்'னுக்கு (VEN, கார்டு கம்பெனியோட நம்பர்) பக்கத்துல 10ஈசி (10EC), அதாவது ரியல்டெக். என்னோடதுல 8086, இன்டெல். எப்படிங்க ஓடும்?

லேப்டாப் கம்பெனி சைட்லயே ரெண்டு மூணு வைஃபை டிரைவர் கெடக்கும், ஐடி பாத்து எடுங்க. அத டவுன்லோடு பண்ண நெட் வேணும்னா, மொபைல யூஎஸ்பி கேபிள்ல லேப்டாப்போட மாட்டி டெதரிங் (மொபைல் நெட்ட லேப்டாப்புக்கு குடுக்கறது) ஆன் பண்ணா போதும்.