எண்ணுவதற்கா இவ்வளவு காசு?

ஜிம்மில் சேர்ந்த அன்றே ‘பர்சனல் டிரெயினிங் எடுத்துக்கோங்க சார்’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். தனியாக ஒரு டிரெயினருக்குப் பணம் கட்டினால் என்ன கிடைக்கிறது? கையில் போன், வாயில் ‘இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு’. போன வாரம் ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) 40 கிலோ, 8 முறை என்றால் இந்த வாரம் 9 முறை, இல்லையென்றால் 42.5 கிலோ என்று ஏற்ற வேண்டும். இதை எழுதிவைக்க ஒரு நோட்டுகூட இல்லாதவர் என்ன டிரெயினர்? ஸ்குவாட்டில் முழங்கால் உட்பக்கமாகச் சாய்வதையும் டெட்லிஃப்டில் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) கீழ்முதுகு கூன் போடுவதையும் பார்த்துத் திருத்தத்தானே ஆள்! அதற்குப் புதியவருக்கு எட்டுப் பத்து பயிற்சி வகுப்புகள் போதும். ஆனால் விற்பதென்னவோ மூன்று மாத பேக்கேஜ், ரீஃபண்டும் கிடையாது. பணம் கட்டுமுன் அவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பதை அரை மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். புரோட்டீன் டப்பாவையும் தலையில் கட்டப் பார்ப்பார், உஷார்.