பறவை பார்க்க ஓராண்டு வேண்டும்

இளையோரைப் பறவை பார்க்கக் கூட்டிப் போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "அடுத்த தடவை எப்போது?" என்பதைத்தான். பல பேரிடம் அதற்குப் பதில் இருப்பதில்லை. வலசைப் பறவைகள் வந்து இறங்கியிருக்கும் பருவத்தில் ஒரு விடுமுறை நாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாற்பது ஐம்பது பிள்ளைகளை ஒரு நீர்நிலைக்கு அழைத்துப் போகிறார்கள். பெயர்களைச் சொல்லிக்கொடுத்து, குழுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த ஒரு நாளுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதைச் சொல்லத் தோன்றுகிறது. அதே உழைப்பைப் பிரித்து, குறைவான பிள்ளைகளை, ஒரே இடத்துக்கு, ஆண்டின் எல்லாப் பருவத்திலும் அழைத்துப் போங்கள். முடிந்தவரை வழிகாட்டியும் ஒருவராகவே இருக்கட்டும்.

ஒரு நாளில் பறவையின் பெயரைத் தெரிந்துகொள்ளலாம். அதன் வாழ்க்கையைப் பார்க்க ஓராண்டாவது வேண்டும்.

மடையானையே எடுத்துக்கொள்வோம். பனிக்காலத்தில் மட்டும் வந்த பிள்ளைக்கு அது சேற்று நிறத்தில், கழுத்தில் கோடுகளோடு, கரையோரம் அசையாமல் நிற்கும் ஒரு பறவை. இனப்பெருக்கக் காலத்தில் அதே பறவைக்கு முதுகு கருஞ்சிவப்பாகிவிடும், தலையிலிருந்து நீண்ட இறகுகள் தொங்கும். முதல்முறை பார்க்கும் பிள்ளைகள் அதை வேறொரு கொக்கு என்றே அடித்துச் சொல்வார்கள். வெள்ளையாகப் பழகிய உண்ணிக்கொக்கும் அப்படித்தான், தலையும் கழுத்தும் ஆரஞ்சாகி வந்து நிற்கும். கையேட்டில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள், உண்மைதான். ஆனால் நான்கு மாத இடைவெளியில் அதே கரையில், தாங்களே குறித்துவைத்த பறவை நிறம் மாறி நிற்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகு யாரும் அதை விளக்க வேண்டியதில்லை.

குயிலைப் பற்றியும் இதையே சொல்லலாம். இனப்பெருக்கக் காலம் முடிந்து ஆண்குயில் கூவுவதை நிறுத்தியதும் குயில் எங்கேயோ போய்விட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். அது அதே மரத்தில் சத்தமில்லாமல் பழம் தின்றுகொண்டிருக்கும். ஆண் கறுப்பு, பெண்ணோ பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். காதை மட்டும் நம்பிப் பழகிய பிள்ளை கண்ணால் தேடத் தொடங்குவது அந்தச் சத்தமில்லாத மாதங்களில்தான்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது தூக்கணாங்குருவி. மழை பெய்து புல் உயர்ந்ததும் ஆண்குருவிகள் தலையில் மஞ்சள் ஏறிக் கூடு பின்னத் தொடங்கும். மற்ற நாள்களில் அவற்றைப் பெண்குருவியிலிருந்தும் சிட்டுக்குருவியிலிருந்தும் பிரித்துச் சொல்வதே கஷ்டம். கூட்டைப் பார்த்தவர்கள் நிறைய உண்டு, அது எழும்புவதைப் பார்த்தவர்கள் குறைவு. ஆண் முதலில் பாதிக் கூட்டைத்தான் பின்னும், கவிழ்த்த தொப்பி மாதிரி. அந்த நிலையில் பெண்குருவிகள் வந்து உள்ளே நுழைந்து, அலகால் இழுத்துப் பார்த்துச் சோதிக்கும். ஒரு பெண் ஏற்றுக்கொண்டால்தான் நீண்ட குழாய் வாசலோடு மீதி வேலை நடக்கும். ஏற்காத கூடுகள் பாதியிலேயே நின்றுவிடும். சோடி சேர்ந்து முட்டையிட்ட பிறகு அந்த ஆண் பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணுக்காகக் காத்திருக்கும். இதெல்லாம் ஒரே காலையில் தெரியாது. சில வார இடைவெளியில் மூன்று நான்கு முறை அந்த மரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியும். எந்தக் கூடு வளர்ந்தது, எது நின்றுபோனது, ஏன் என்று பிள்ளைகள் தங்களுக்குள் வாதாடுவார்கள். அந்த வாதத்தில் வழிகாட்டி தலையிடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வலசைப் பறவைகள் போய்விட்ட பிறகு அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று ஏற்பாட்டாளர்கள் கேட்கிறார்கள். போய்விட்டதையே பார்க்கலாம். சென்ற முறை கம்பி நிறைய உட்கார்ந்திருந்த தகைவிலான்கள் இன்று ஒன்றுகூட இல்லை. வாலாட்டியைக் காணோம், உள்ளான்கள் மேய்ந்த சேறு காய்ந்து கிடக்கிறது. எங்கே போயின, ஏன் போயின என்ற கேள்வி பிள்ளையின் வாயிலிருந்தே வரும். குளிர் தாங்காமல்தான் பறவைகள் வலசை போகின்றன என்று பலர் நினைக்கிறோம். குளிரைவிடப் பெரிய காரணம் உணவு. வடக்கே குளிர்காலத்தில் பூச்சி கிடைக்காது, நீரும் சேறும் உறைந்துவிடும். கோடையில் அங்கே நீண்ட பகலும் ஏராளமான பூச்சியும் குஞ்சு வளர்க்க வசதி. பகல் நீளம் மாறுவதை உடம்பு உணர்ந்து கொழுப்பைச் சேர்க்கத் தொடங்கும். அதற்காகத்தான் கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் அவை அப்படி விடாமல் மேய்கின்றன. பிப்ரவரியில் ஓயாமல் சேற்றைக் குத்திக்கொண்டிருந்த உள்ளானைப் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கம் உடனே ஒட்டிக்கொள்ளும். மற்றவர்களுக்கு அது இன்னொரு பாடம்.

பதின்வயதுப் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்லும் ஒரு செய்தி உண்டு. 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து கிளம்பி, எங்கும் இறங்காமல் 11 நாள் பறந்து, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. தூரம் 13,560 கிலோமீட்டர். முதுகில் பொருத்தியிருந்த சிறு செயற்கைக்கோள் கருவியால்தான் இது தெரியவந்தது. அப்போது அதன் வயது சுமார் ஐந்து மாதம். அதற்கு முன் அது அந்தப் பாதையில் போனதே இல்லை. இதைக் கேட்டதும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் எந்தப் பாடத்திட்டத்திலும் அடங்காது. வழி எப்படித் தெரியும், தூங்காதா, தண்ணீர்? சிலவற்றுக்கு விடை உண்டு, சிலவற்றை அறிவியலாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதை அப்படியே சொல்லிவிட வேண்டும்.

வழிகாட்டியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. நன்றாகத் தெரிந்தவர்களே அதிகம் பேசிக் கெடுக்கிறார்கள். பறவை தென்பட்டதும் பெயரைச் சொல்லிவிட்டால், பிள்ளை அதை எழுதிக்கொண்டு அடுத்த பெயருக்காக முகத்தைப் பார்த்து நிற்கும். பெயரைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மைனாவைவிடப் பெரிதா, அலகு எப்படி, வாலை என்ன செய்கிறது, தரையில் நடக்கிறதா தத்துகிறதா என்று கேளுங்கள். நிறத்தைக் கடைசியில் கேளுங்கள். வெளிச்சம் நிறத்தை ஏமாற்றும், உருவமும் நடத்தையும் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள், குறிப்பாகப் பையன்கள், எந்தக் குழுவிலும் இருக்கலாம். அவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. நிறத்தை வைத்தே எல்லாவற்றையும் கேட்டால் அவர்கள் மெல்ல ஒதுங்கிவிடுவார்கள். பார்வை குறைந்த பிள்ளைகளும் வரலாம், வர வேண்டும். விடியலில் குரல்களைப் பிரித்துச் சொல்வதில் அவர்கள் மற்றவர்களை முந்துவதை நான் கண்டிருக்கிறேன்.

பைனாகுலரைக் கையில் கொடுத்தவுடன் பறவை தெரியாது. இதற்கென்றே அரைமணி நேரம் ஒதுக்க வேண்டும். இரண்டு குழல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சிறிய முகங்களுக்கு ஏற்றபடி குறைக்க வேண்டும். பறவை மேல் வைத்த கண்ணை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழக்க வேண்டும். பெரும்பாலோர் குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்வார்கள், அதற்குள் பறவை இருந்த கிளை தொலைந்துபோகும். எட்டு மடங்கு பெரிதாக்கும் கருவியே போதும். பத்து மடங்கு வாங்கினால் பழகாத கையில் படம் ஆடும், பார்வைப் பரப்பும் குறையும். இரண்டு பேருக்கு ஒன்று என்று கொடுத்தால் ஒருவர் பார்க்க, ஒருவர் எழுதலாம். அது நல்ல பழக்கம்.

எழுதுவது முக்கியம். குரலைக் கேட்டே பறவையைச் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் வந்துவிட்டன. நானும் பயன்படுத்துகிறேன், பிள்ளைகளிடம் அதைத் தடுப்பதில் அர்த்தமில்லை. ஆனால் முதலில் நோட்டு, அப்புறம் செயலி. பார்த்ததை வரைந்து, நான்கு வரி எழுதி, ஓர் ஊகத்தையும் எழுதிய பிறகு போனை எடுக்கட்டும். செயலி சொன்னதும் ஊகமும் வேறாக இருந்தால் அங்கேதான் நல்ல பேச்சு தொடங்கும்.

எண்ணிக்கையும் எடுக்கச் சொல்லுங்கள், காகத்தையும் மைனாவையும் விடாமல். அரிய பறவையைத் துரத்தும் ஆசையை இளையோரிடம் விதைப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் அன்று அணி பிரிந்து போய் யார் அதிகப் பறவைகளைச் சுடுவது என்று போட்டி போடுவார்கள். 1900இல் பிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதிலாக எண்ணலாமே என்று அழைத்தார். முதல் ஆண்டு 27 பேர், 25 இடங்களில் எண்ணினார்கள். அது இன்றுவரை நிற்கவில்லை. இப்படிச் சாதாரண மனிதர்கள் ஆண்டுதோறும் எடுத்த கணக்குகளை வைத்துத்தான், 1970க்குப் பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 290 கோடி பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் 'சயன்ஸ்' இதழில் ஆய்வு வந்தது. அந்த இழப்பில் பெரும்பங்கு அரிய பறவைகளுடையது அல்ல, தினமும் கண்ணில் படும் குருவி வகைகளுடையது. யாரும் எண்ணாமல் விட்டிருந்தால் அது குறைந்ததே தெரிந்திருக்காது. உங்கள் குழு ஒரே குளத்தை ஒரே பாதையில் பருவந்தோறும் எண்ணி, பறவை பார்ப்போரின் பதிவுகளைச் சேர்த்துவைக்க 2002 முதல் இயங்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் அந்தப் பதிவு நிஜமாகவே பயன்படும். ஒரு நாள் விழாவில் எடுத்த பட்டியலுக்கு அந்த மதிப்பு வராது.

கூடு கட்டும் பருவத்தில் அழைத்துப் போவதானால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கூட்டுக்கு அருகில் போவது இல்லை, கிளையை விலக்குவது இல்லை, கூட்டைப் படமெடுத்து இடத்தோடு போடுவது இல்லை. தாய்ப்பறவை பயந்து எழுந்து போன சில நிமிடங்களில் வெயில் குஞ்சைக் கொன்றுவிடலாம், அல்லது காகம் கண்டுகொள்ளலாம். போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுப்பதும் வேண்டாம். தன் எல்லைக்குள் போட்டியாளன் வந்துவிட்டதாக நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். மேய்ந்துகொண்டிருக்கும் பறவை தலையைத் தூக்கி நம்மைப் பார்த்தால் அங்கேயே நிற்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். கேமரா வைத்திருக்கும் பெரியவர்களுக்குத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. முதல் பயணத்துக்கு வரும் பெண்பிள்ளைகள் மூன்றாவது பயணத்துக்கு வருவதில்லை. ஆர்வம் குறைந்தது காரணமல்ல. போகும் இடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று யாரும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. விடியலுக்கு முன் வீட்டிலிருந்து எப்படி வருவார்கள் என்று யோசிப்பதில்லை. குழுவில் பெண் வழிகாட்டி இல்லை. கழிப்பறை உள்ள இடத்தை முதலில் தேர்ந்தெடுத்து, அங்கே என்ன பறவை வருகிறது என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் கொடுங்கள். குறைந்தது இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் பின்வரிசையில் இருப்பவர்கள் பறவையைப் பார்ப்பதில்லை, முன்வரிசையின் முதுகைப் பார்க்கிறார்கள்.

ஓராண்டு வந்த பிள்ளைகள் அடுத்த ஆண்டு புதியவர்களுக்குப் பைனாகுலர் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கட்டும். பதினாறு வயதுப் பெண் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு மடையானைக் காட்டும்போது, நாம் சொல்வதைவிட அவன் கவனமாகக் கேட்கிறான்.

இந்தப் பதிவைப் படிக்கும் ஏற்பாட்டாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த அறிவிப்பில் ஒரு தேதியோடு நிறுத்தாதீர்கள். அதே இடம், நான்கு தேதிகள், பருவத்துக்கு ஒன்று. நான்குக்கும் வர முடிகிற பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுங்கள். வெயில் மாதத்துத் தேதியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அன்று விடியலில் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிட்டால் போதும், வெயில் ஏறினால் பறவைகளும் நிழலுக்குப் போய்விடும்.