பயத்தைச் சொன்னால் பிரஷர் ஏறுமா?

‘சிக்கலான கர்ப்பமா? பயத்தை யாரிடமும் சொல்லாதே, பிரஷர் ஏறிக் குழந்தைக்கு ஆபத்து’ என்று பெங்களூரு தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. பொதுவாக 20 வாரத்துக்குப் பிறகு வரும் ப்ரீஎக்ளாம்ப்சியா என்ற கர்ப்பகால பிரஷர் நோய்க்குத் தொடக்கம் நஞ்சுக்கொடியில்தான், பேச்சில் அல்ல. மனசு விட்டுப் பேச ஆள் இருந்தால் பதற்றம் குறையும். அதற்காக ‘தைரியமா இரு’ என்று சொல்லிவிட்டு நழுவுவது ஆதரவு ஆகாது. ஸ்கேன் அன்று கூடப் போய் வரிசையில் உட்காருங்கள், ஒரு வேளைக்கு ரசம் சோறு வைத்துக் கொடுங்கள். தூக்கமே போய்விட்டதா? பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கு மனநலச் சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். அப்புறம், கடும் தலைவலி, கண் மங்கல் வந்தால் ‘பயம்தான்’ என்று ஒதுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.