காட்டுக்குக் கொண்டுபோகும் சாமான்: காசை எதில் போடுவது?

அமெரிக்காவில் மலைக்காட்டுக்குள் நாட்கணக்கில் தங்கி மான் வேட்டையாடுகிறவர்களின் வீடியோக்கள் இப்போது எங்கள் பக்கத்துத் தம்பிமாரின் போன்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. களுவாஞ்சிக்குடி, காரைதீவு, திருக்கோவில் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் கேட்கிறார்: "அண்ணன், அந்த டென்ட் எங்க எடுக்கலாம்? அந்த பேக் என்ன விலை வரும்?" உகந்தையில் இருந்து காட்டுப்பாதையால் கதிர்காமத்துக்கு யாத்திரை நடக்கப் போகிறவர்களும் கேட்கிறார்கள். அனுமதி எடுத்துக் குமுனைத் தேசியப் பூங்காவில் இரவு தங்கப் போகிறவர்களும் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி முடியாது என்பதால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மான் கதையை முதலில் முடித்துவிடுவோம். எங்கள் நாட்டில் புள்ளிமானையோ மரையையோ சுடுவது குற்றம், தடம் வைத்துப் பிடிப்பதும் குற்றம். 1937ஆம் ஆண்டிலேயே வந்த கட்டளைச் சட்டம் அது; பிறகு பல தடவை திருத்தி இறுக்கியிருக்கிறார்கள். வீடியோவில் வருகிறவர்கள் உரிமம் எடுத்து, பருவம் பார்த்து, அவர்களுடைய மாநிலம் அனுமதித்த கணக்குக்குள் சுடுகிறார்கள். இங்கே காட்டோரத்தில் திருட்டு வேட்டைக்கென்று வைக்கப்படுவது கட்டுத்துவக்கும் கம்பிச் சுருக்கும். கட்டுத்துவக்கு என்றால் கட்டிய கம்பியில் கால் தட்டியதும் தானாக வெடிக்கிற துவக்கு; வருவது மானா மனிதனா என்று அது பார்க்காது. விறகுக்கும் தேனுக்கும் போனவர்களின் கால்களைச் சிதைத்திருக்கிறது. கம்பிச் சுருக்கில் சிறுத்தைகள் மாட்டிச் செத்திருக்கின்றன. ஆகவே வேட்டைச் சாமான் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். காட்டைப் பார்க்கப் போகிறவருக்கும் நடக்கப் போகிறவருக்கும்தான் இந்தப் பதிவு.

அந்த வீடியோக்களில் சொல்லப்படுகிற சாமான் பட்டியல் பொய்யில்லை. ஆனால் அது வேறு காட்டுக்குப் போட்ட பட்டியல். அவர்களுடைய வேட்டைப் பருவம் இலையுதிர் காலம். இரவில் உறைபனி விழும். அதனால் வாத்து இறகு அடைத்த தூக்கப் பை, காற்றுப் புகாத டென்ட், கம்பளி உடுப்பு என்று காசைக் கொட்டுகிறார்கள். நாங்கள் போவது கச்சான் காற்று அடிக்கிற வறண்ட காலத்தில். பகலில் மணல் சுடும், முள் கிழிக்கும், தண்ணீர் இருக்கும் இடங்கள் ஒன்றுக்கொன்று தூரம். அங்கே உயிர் காக்கிற சாமான் இங்கே தோளில் சுமையாகத்தான் தொங்கும்.

எந்தச் சாமானையும் கையில் எடுத்தால் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். நடுக்காட்டில் இது பழுதானால் நான் தொடர்ந்து போகலாமா? போகலாம் என்றால் மலிவானதை வாங்குங்கள், வீட்டில் இருப்பதை எடுங்கள், இரவல் வாங்குங்கள். போக முடியாது என்றால் அதில்தான் காசைப் போட வேண்டும். இப்படிக் கழித்துக்கொண்டு வந்தால் என் கணக்கில் மிஞ்சுவது கால், தண்ணீர், வெளிச்சம். மற்றதெல்லாம் பிறகு.

காலில் இருந்து தொடங்குகிறேன். நேர்த்தி வைத்து வெறுங்காலோடு நடக்கிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அவர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. சப்பாத்துப் போட்டு நடக்கிறவர்களுக்குத்தான் சொல்கிறேன். எங்கள் ஊர்களில் வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் அனுப்பிய நல்ல சப்பாத்து ஒன்று எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் இருக்கும். நல்ல நாளுக்கென்று வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். யாத்திரை வந்ததும் அதை வெளியே எடுப்பார்கள். எங்களோடு நடந்த ஒரு அண்ணன் சுவிஸில் இருந்து வந்த அப்படியொரு சோடியோடு வந்தார். பார்வைக்குப் புத்தம் புதுசு, லேஸில் மடிப்புக்கூட விழவில்லை. பாதையில் வருகிற வாகூரவெட்டைக்குப் போய்ச் சேர முன்பே வலது பக்கத்து அடி கழன்று தொங்கியது. நான் கையில் எடுத்துப் பார்த்தேன். மேல் தோல் நல்லாயிருந்தது, அடி ரப்பரும் நல்லாயிருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த மெத்தைப் பகுதியை விரலால் நசுக்கினால் பிட்டு மாவாக உதிர்ந்தது. சாரனில் ஒரு கீலத்தைக் கிழித்துக் கட்டிக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்தார், பிறகு யாரோ கொடுத்த பாட்டாச் செருப்போடுதான் மிச்சப் பயணம்.

அது கம்பனி ஏமாற்றிய வேலையில்லை. நடைச் சப்பாத்துகள் பலவற்றின் நடு மெத்தை பொலியூரத்தேன் என்ற பொருளால் செய்யப்படுகிறது. காற்றில் இருக்கிற ஈரம் பட்டுப் பட்டு, போடாமல் வைத்திருந்தாலும் சில வருடங்களில் அது உள்ளுக்குள்ளேயே உக்கிவிடும். போட்டு நடக்காமல் பெட்டிக்குள் அடைத்து வைப்பது இன்னும் கெடுதல். எங்களுடையது வாவியும் கடலும் சூழ்ந்த ஊர், ஈரத்துக்குக் குறைவே இல்லை. ஆகவே பழைய சப்பாத்தை எடுக்கிறவர்கள் அடியின் பக்கவாட்டில் பெருவிரலால் பலமாக அழுத்திப் பாருங்கள். நுண்ணிய வெடிப்புத் தெரிந்தாலோ, அழுத்திய இடம் திரும்பி எழும்பாவிட்டாலோ அதை வீட்டிலேயே வையுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் அடியைத் தையல் போட்டு இணைத்ததா, பசையால் ஒட்டியதா என்று பாருங்கள். உள்ளூரில் செய்கிற சாதாரண கன்வஸ் சப்பாத்துக்கூட, அடி தைத்ததாக இருந்தால் எனக்குப் போதும். கணுக்கால் மூடுகிற கனத்த பூட்ஸ் அந்தச் சூட்டில் தேவையில்லை. கால் வீங்கும், அதனால் அரை அளவு பெரிதாக எடுங்கள். சொக்ஸ் மெல்லியதாக, வியர்வையைப் பிடித்து வைக்காததாக இருக்கட்டும். பருத்திச் சொக்ஸ் நனைந்தால் காயாது, கொப்புளம் அங்கேதான் தொடங்கும். கால் சூடேறி உரசுவது தெரிந்த நிமிடமே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். அடுத்த தங்குமிடம் வரட்டும் என்று இழுத்துக்கொண்டு போனால் அதற்குப் பிறகு ஒட்டுவதற்குத் தோல் இருக்காது.

வெளிச்சத்தில்தான் அதிகமான ஏமாற்று நடக்கிறது. பஜாரில் விற்கிற ரோச் லைட்டுகளில் 18650 என்று எண் போட்ட லித்தியம் பற்றரி இருக்கும். அதன் மேல் 9900 எம்.ஏ.எச் (எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்ற அளவு) என்று பெரிதாக அடித்திருப்பார்கள். அந்த அளவுள்ள பற்றரியில் உண்மையாகக் கிடைப்பது ஏறத்தாழ 3500தான். அதைவிட நன்றாகக் கூட்டி எழுதியிருந்தால் பொய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கையில் தூக்கிப் பார்த்தாலும் பிடிபடும். நல்ல பற்றரி ஒன்று 45 கிராம் அளவில் இருக்கும். போலி பலதும் அதைவிட நன்றாகக் குறையும். தெரிந்த நகைக்கடையில் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் நிறுத்துத் தருவார்கள். பவர் பேங்க் விசயமும் இப்படித்தான். 10000 என்று எழுதியது உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் கணக்கு. போனுக்கு 5 வோல்ட்டாக மாறிப் போகும்போது நல்ல கம்பனிச் சாமானிலேயே 6000 சொச்சம்தான் மிஞ்சும். அதற்கேற்ற மாதிரி கணக்குப் போட்டுக் கொண்டுபோங்கள்.

என் விருப்பம் சாதாரண பென் பற்றரி போடுகிற தலை ரோச். பற்றரி முடிந்தால் பொத்துவில் கடைத்தெருவில் எந்தக் கடையிலும் வாங்கலாம், பையில் நாலைந்து போட்டுக்கொண்டும் போகலாம். இரண்டு கையும் வேலைக்கு மிஞ்சும். லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு; ஆயிரக்கணக்கான லூமன் எங்களுக்கு எதற்கு? காலடியில் பாம்பு கிடக்கிறதா என்று பார்க்க 200 லூமன் தாராளம். தூரத்துக்கு அடிக்கிற பெரிய ரோச்சை யானையின் கண்ணில் அடித்து விளையாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தோடு ஒரு அடிகூட நடக்காதீர்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். ஒரு லீற்றர் ஒரு கிலோ. தோள் வலி வருவது பெரும்பாலும் இதனால்தான், இதில் குறைக்கவும் முடியாது. யாத்திரைக் காலத்தில் வழியில் தண்ணீர்த் தாங்கி வைக்கிறார்கள், அது பெரிய தொண்டு. ஆனாலும் இடையில் நாவலடியில் இருந்து வியாழைப் பக்கம் போகிற நீட்டு வெட்டையில் கையில் இருப்பதுதான் கணக்கு. இதற்கு விலை கூடிய போத்தல் வேண்டாம். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல்களை நான் நம்புகிறேன். காஸின் அமுக்கத்தைத் தாங்கச் செய்த போத்தல், அதனால் கல்லில் விழுந்தாலும் லேசில் வெடிக்காது. கடையில் விற்கிற தண்ணீர்ப் போத்தல் கையால் கசக்கினாலே மடியும். பெரிய கேன் கொண்டுபோகிறவர்கள் மூடிக்குள் இருக்கிற ரப்பர் வளையத்தைப் பார்க்க வேண்டும். அது தேய்ந்திருந்தால் இரவோடு இரவாக ஒழுகி, காலையில் பாதிக் கேன்தான் இருக்கும். குமுக்கன் ஆற்றுத் தண்ணீரைத் துணியால் வடித்து, கலங்கல் என்றால் தேற்றாங்கொட்டை உரசித் தெளியவிட்டு, பிறகு நன்றாகக் கொதிக்க வையுங்கள். தெளிந்த தண்ணீர் என்று அப்படியே குடித்துவிடாதீர்கள், மேலே எருமையும் யானையும் இறங்கிய ஆறு அது. முதலையும் உண்டு. கேன் நிரப்பப் போகிறவர் தனியாகப் போகக் கூடாது.

பேக் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேக் பிய்வது தோள்பட்டி உடலோடு சேருகிற இடத்தில்தான். அந்த இடத்தை உள்பக்கம் திருப்பி, தையல் எத்தனை வரி ஓடியிருக்கிறது, மேலே ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பில் இறுக்குகிற பட்டி இருந்தால் பாரம் தோளை விட்டு இடுப்பில் இறங்கும், அது இல்லாத பேக்கை எடுக்காதீர்கள். வாங்கியதும் பத்துக் கிலோ அரிசியை உள்ளே வைத்து, கல்லடிக் கடற்கரை மணலில் ஒரு பின்னேரம் நடந்து பாருங்கள். தார் ரோட்டில் நடந்து பார்ப்பதில் பிரயோசனம் இல்லை, உகந்தைக்கு அப்பால் கால் புதைகிற மணல்தான். எது உரசும், எது கழரும் என்று அந்த ஒரு நடையிலேயே தெரிந்துவிடும்.

படுக்கைக்குப் படங்கும் பாயும் நுளம்பு வலையும் போதும் என்பது என் முடிவு. குளிர் நாட்டு டென்ட் ஒன்றுக்குள் ஆடி மாசத்து இரவில் படுத்தவருக்குத் தெரியும், மூச்சு முட்டும். டென்ட்தான் வேண்டும் என்றால் நாலு பக்கமும் வலைத் துணி இருப்பதாகப் பார்த்து எடுங்கள். தண்ணீர் புகாத அளவு எத்தனை ஆயிரம் மில்லிமீற்றர் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் காசு கூட்டிக் கொடுப்பது மாரியில் போகிறவருக்குச் சரி, மாரியில் யார் அங்கே போகிறார்? சிப்பை மட்டும் பத்துத் தரம் திறந்து மூடிப் பாருங்கள். சிப் போனால் நுளம்பும் உண்ணியும் பாம்பும் உள்ளே வரும், டென்ட்டும் வெறும் துணிதான். காட்டுக்குள் நினைத்த இடத்தில் டென்ட் அடிக்கவும் முடியாது. தேசியப் பூங்கா என்றால் வனஜீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான், யாத்திரை என்றால் கூட்டத்தோடு மட்டும்தான்.

உடுப்பில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. வேட்டை வீடியோக்களைப் பார்த்து ஆமிக்காரர் போடுகிற மாதிரிப் புள்ளிபோட்ட உடுப்பை ஆன்லைனில் ஓடர் பண்ணுகிறார்கள். தம்பிமாரே, எங்கள் நாட்டில் படைச் சீருடையை ஒத்த உடுப்பு வைத்திருப்பது சட்டச் சிக்கல். அதுவும் கிழக்கில், எங்கள் பெயரோடு, சோதனைச் சாவடியில் அதை விளக்கிக்கொண்டு நிற்கிற நிலை உங்கள் அம்மாவுக்கு வரக் கூடாது. அமெரிக்காவிலேயே பல மாநிலங்களில் துவக்கு வேட்டைப் பருவத்தில் பளிச்சென்ற செம்மஞ்சள் உடுப்புப் போடச் சொல்லிச் சட்டம் இருக்கிறது. மானுக்கு அந்த நிறம் சரியாகத் தெரியாது, மற்ற வேட்டைக்காரருக்குத் தெரியும். யானையும் கரடியும் உங்களை மணத்தால் அறிகின்றன, எந்த உடுப்பும் அதை மறைக்காது. மண் நிறத்தில் பழைய முழுக்கைச் சேட்டு ஒன்று போதும்.

பாம்பு நஞ்சை உறிஞ்சி எடுக்கிற பம்ப் என்று ஒன்றை விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள், கடித்த நஞ்சை அதனால் வெளியே எடுக்க முடியாது. கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வைத்தியம். சிக்னல் கிடைக்கிற இடத்தில் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். காட்டுக்குள் சிக்னலை நம்ப முடியாது, அதனால் கூட்டத்தில் ஆளுக்கொரு விசில் இருக்கட்டும். கத்தி, கயிறு, சட்டி பானையெல்லாம் வீட்டில் இருப்பதே போதும்.

சீக்கிரம் பழுதாகிற சாமானுக்கு நான் இவ்வளவு எதிராக எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பிய்ந்த செருப்பு, உடைந்த கேன், கிழிந்த டென்ட், ஒருவரும் அதைத் திரும்பச் சுமந்து வருவதில்லை. யாத்திரை முடிந்த பிறகு அந்தப் பாதையைப் பார்த்தால் வயிறு எரியும். அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று செத்ததை இந்த மாவட்டமே பார்த்தது. முருகன் பெயரைச் சொல்லி நடக்கிற பாதையில் மானுக்கும் யானைக்கும் அதே சாப்பாட்டை வைத்துவிட்டு வர எங்களுக்கு என்ன உரிமை?

நல்ல சாமான் விலை கூடத்தான், எல்லாராலும் வாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஊருக்கு ஒரு பொதுச் செட் வேண்டும் என்று கேட்கிறேன். கோயில் பரிபாலன சபையோ விளையாட்டுக் கழகமோ யாத்திரைக் குழுவோ, யாராவது பொறுப்பெடுக்கட்டும். நல்ல படங்கு நாலு, மூடி இறுகிய கேன்கள், தலை ரோச்சுகள், இடுப்புப் பட்டி உள்ள பேக்குகள், முதலுதவிப் பெட்டி, பேக் தைக்கிற ஊசியும் தடித்த நூலும் உதிரிப் பக்கிளும். போகிறவர்கள் கையெழுத்துப் போட்டு எடுத்து, வந்து கழுவிக் காயவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பற்றரியைக் கழற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஒழுகி ரோச்சையும் சேர்த்துத் தின்றுவிடும். வெளிநாட்டில் இருந்து "ஊருக்கு என்ன அனுப்ப?" என்று கேட்கிற சொந்தங்களிடம் சொக்லேட்டுக்குப் பதிலாக இதைச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் சேர்க்கத் தொடங்கிவிட்டோம். இந்த முறை யாத்திரைக்காக உகந்தைக் கதவு திறக்க முன்பு எந்த ஊர்க் குழுவுக்காவது லிஸ்ட் தேவைப்பட்டால் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.