சோளத்துக்கும் 20, மக்காச்சோளத்துக்கும் 20
குரோமோசோம் (டிஎன்ஏவைச் சுமக்கும் இழை) இரட்டித்தால் செடியின் மரபணுத்தொகுதி அளவும், அதாவது மொத்த டிஎன்ஏவின் அளவும், இரண்டு மடங்காகிவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இரட்டித்த புதிதில் சரி. நிலக்கடலை இரண்டு காட்டு இனங்கள் கலந்து இரட்டித்து வந்தது. அதன் அளவு இன்றும் ஏறக்குறைய அந்த இரண்டின் கூட்டுத்தொகைதான், ஏனென்றால் அது நடந்து ரொம்பக் காலம் ஆகவில்லை. பழைய இரட்டிப்புகளில் இந்தக் கணக்கு நிற்காது. எங்கள் தருமபுரிப் பக்கம் மானாவாரியில் சோளம், கிணற்றில் தண்ணீர் இருந்தால் மக்காச்சோளம். இரண்டுக்கும் குரோமோசோம் 20தான். ஆனால் சோளத்தில் சுமார் 73 கோடி கார இணைகள் (டிஎன்ஏவின் நீளத்தை எண்ணும் அலகு), மக்காச்சோளத்தில் சுமார் 230 கோடி! மக்காச்சோளத்தின் மூதாதையில் பல லட்சம் தலைமுறைகளுக்கு முன் ஓர் இரட்டிப்பு நடந்தது உண்மை. அப்புறம் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று இணைந்து எண்ணிக்கை பழையபடி குறைந்தது, இரண்டு பிரதியாக இருந்த மரபணுக்கள் பலவற்றில் ஒரு பிரதி உதிர்ந்தும்போனது. சரி, 73ஐ இரட்டித்தாலே 146தானே, மீதி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் தாவும் மரபணுக்கள் (டிஎன்ஏவில் இடம் விட்டு இடம் தாவும் துண்டுகள்) தங்களைத் தாங்களே பிரதி எடுத்துப் பெருகியதால். மக்காச்சோள டிஎன்ஏவில் 80 விழுக்காட்டுக்கும் மேல் அவைதான். அமெரிக்க விஞ்ஞானி பார்பரா மெக்லின்டாக் அவற்றைக் கண்டுபிடித்ததும் இதே பயிரில்தான், 1983இல் நோபல் கிடைத்தது. நேர் எதிராக அராபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு கடுகு இனச் செடி): ஒன்றுக்கு மேற்பட்ட முறை இரட்டித்த வம்சம், இன்று இருப்பதோ 13.5 கோடி கார இணைகள். கேழ்வரகும் இரட்டிப்பில் வந்ததா என்று கேட்ட நண்பருக்கு: ஆம், அதற்கு 36 குரோமோசோம். அதன் மூதாதை வழியில் ஒன்று 18 குரோமோசோம் உள்ள களைப்புல். ராகிக் கொல்லையிலேயே முளைக்கும், அடித்தண்டு தட்டையாக வெளுத்திருக்கும், களை எடுப்பவர்கள் அதை வைத்துத்தான் பிரித்துப் பிடுங்குகிறார்கள்.