மாதம் 51,000 ரூபாயா? தோட்டச் சம்பளம் பற்றிய தவறான கணக்கு

"தோட்டத் தொழிலாளிக்கு நாளுக்கு 1,700 ரூபாய், மாதம் 51,000. மலையகத்தில் இனி வறுமை ஏது?" இலங்கையில் 2024ஆம் ஆண்டு வந்த தோட்டச் சம்பள அறிவிப்பை வைத்து வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தக் கணக்கு தவறு.

அந்த ஆண்டு மே மாதம் 1,700 ரூபாய்க்கு வர்த்தமானி, அதாவது அரசிதழ் அறிவிப்பு, வந்தது உண்மை. அது நிலைக்கவில்லை. செப்டெம்பரில் உறுதியானது 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளம் மட்டுமே. மீதி 350 ரூபாய் உற்பத்தியைப் பொறுத்த கொடுப்பனவாகப் பேசப்பட்டது. எல்லோர் கையிலும் தானாக விழும் பணமன்று.

அடுத்த பிழை இன்னும் பெரியது. 1,700ஐ 30ஆல் பெருக்கியவர், ஞாயிறையும் போயா எனும் முழுநிலா விடுமுறையையும்கூட வேலைநாளாக்கிவிட்டார். தோட்டத்தில் பேர் விழுந்த, அதாவது வேலை செய்ததாகப் பதிவான, நாளுக்குத்தான் சம்பளம். சொன்ன கிலோ தேயிலைக் கொழுந்து நிறையாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அன்றைய 1,350 ரூபாய்ப்படி 20 நாள் முழுப்பேர் விழுந்தது என்றே வைப்போம்: 27,000 ரூபாய். அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 2,160 ரூபாய் போனால் மிச்சம் 24,840. கடைக்கடனும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் இதற்குள்தான். அந்த 51,000ஐ நம்பி எங்கள் மக்களுக்கு உதவி வேண்டாம் என்று எழுதுகிறவர்களைப் பார்க்கையில் நெஞ்சு கொதிக்கிறது.

நாடு வளர்ந்தால் வறுமை தானாக ஓடிவிடும் என்றும் அப்பதிவு சொல்கிறது. 2019 ஜூலையில் உலக வங்கி இலங்கையை உயர் நடுத்தர வருமான நாடாக வகைப்படுத்தியது. அதே ஆண்டின் அரச கணக்கெடுப்பில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் நகரங்களில் 6 சதவீதம், பெருந்தோட்டங்களில் 33.8 சதவீதம்.